சம்பளத் தேதியும் சுகர் அளவும்: உணவுத் தட்டுப்பாடு உடம்பை என்ன செய்கிறது?

பெங்களூரு கோரமங்கலாவில் ஒரு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவரைப் பற்றிய கேள்வி இது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர், வயது 46, ஈஜிபுராவில் வாடகை வீடு. சுகர், பி.பி. இரண்டும் இருக்கின்றன, உடம்பும் கனம். டாக்டர் "சோற்றைக் குறைங்க, காய், பயறு, பழம் நிறையச் சாப்பிடுங்க" என்கிறார். அவரோ "மாசக் கடைசியில சாப்பாட்டுக்கே இழுபறிம்மா" என்கிறார். இவ்வளவு எடை உள்ளவருக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் எப்படி நம்புவது, தட்டுப்பாட்டுக்கும் அவருடைய நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று அந்த வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

அவர் சொல்வதை நம்புங்கள். தொடர்பு உண்டு, நாம் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு. இந்த ஊரில் ஓர் அரசு மருத்துவமனையில் 17 வருடமாக உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தமிழில் பேசுகிறவர்களில் பாதிப் பேருடைய கதை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் "சாப்பாடு போதவில்லை" என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டினி என்றதும் நம் கண்ணுக்கு ஒட்டிய வயிறும் துருத்திய எலும்பும்தான் தெரிகின்றன. அது கடைசிப் படி. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உணவுத் தட்டுப்பாட்டை அளக்க எட்டுக் கேள்விகளை வைத்திருக்கிறது. அவற்றின் வரிசையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். காசில்லாததால் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. சத்தான சாப்பாடு சாப்பிட முடியாமல் போனதா, ஒரே மாதிரிச் சாப்பாட்டையே சாப்பிட்டு ஒப்பேற்றினீர்களா என்பவை அடுத்து வருகின்றன. அதற்குப் பிறகுதான் ஒரு வேளையை விட்டீர்களா, அளவைக் குறைத்தீர்களா, வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தீர்களா என்று போகிறது. கவலை முதலில் வருகிறது, அடுத்து தரம் போகிறது, அதற்கப்புறம்தான் அளவு குறைகிறது.

தரம் போகும் கட்டத்தில் வீட்டில் அரிசி இருக்கும். பருப்பு தண்ணீராகும். காய் இரண்டு நாளுக்கு ஒருமுறை, அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகும். முட்டை பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகும். வயிறு நிரம்பும், எடையும் குறையாது. நம் ஊரில் ஒரு ரூபாய்க்கு அதிகக் கலோரி தருபவை அரிசி, மைதா, சர்க்கரை, பாமாயில்தான். கையில் காசு குறையக் குறைய மனிதர்கள் இந்த நான்கின் பக்கம்தான் சாய்கிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

ஒருமுறை ஓர் அம்மாவிடம் கையிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கித் திறந்தார். டப்பா விளிம்பு வரை அழுத்தி நிரப்பிய சோறு, நடுவில் ஒரு குழி, அதில் வெளிறிய ரசம், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய். மதியச் சாப்பாடு அவ்வளவுதான். அவருக்கு பி.பி. 160-க்குக் கீழே இறங்காமல் நின்றது. உப்பைக் குறைக்கச் சொல்லி அவர் சீட்டில் மூன்று முறை எழுதியிருந்தார்கள். கறியும் கூட்டும் இல்லாத சோறு தொண்டையில் இறங்க உப்பும் காரமும்தான் துணை. ஊறுகாயை எடுத்துவிட்டால் அந்தச் சோற்றை அவர் எதைத் தொட்டுச் சாப்பிடுவார்? ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான அறிவுரை. ஆனால் அதைக் கேட்டு நடக்கத் தட்டில் வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

இனி சுகருக்கு வருகிறேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு இதுதான் முக்கியம்.

அவருக்குச் சம்பளம் வருவது 1-ஆம் தேதியிலிருந்து 7-ஆம் தேதிக்குள் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் வாடகை, கடைக்காரர் நோட்டில் ஏறியிருக்கும் கடன், பிள்ளையின் ஃபீஸ், சீட்டுப் பணம். மிச்சமிருப்பதில் முதல் பத்து நாள் ஓரளவு நல்ல சாப்பாடு. போன மாதக் கடைசியில் வாயைக் கட்டியிருந்ததால் கொஞ்சம் கூடவே சாப்பிடத் தோன்றும். யாருக்கும் தோன்றும். அந்த நேரத்தில்தான் பஸ்ஸுக்கும் மருந்துக்கும் கையில் காசு இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கும் வருவார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் 280. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டுவார். கண்முன்னால் 280 இருக்கும்போது அவர் செய்தது சரிதான்.

மாதம் 24, 25 தேதிக்கு மேல் என்ன ஆகும்? கூட்டிய மாத்திரை உள்ளே போகும், சாப்பாடு போகாது. காலையில் டீயும் பன்னும், மதியம் வேலை செய்யும் வீட்டில் ஏதாவது கொடுத்தால் உண்டு, இரவு பிள்ளைகளுக்குப் போட்டதில் மீதி. கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, சர்க்கரையை இறக்கிவிடும். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கண் இருட்டிக்கொண்டு வரும். பேச்சு குழறினால் பக்கத்தில் இருப்பவர்கள் வேறு ஏதோ என்று நினைத்துவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்பு, உயிரே போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால் எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

இப்படி மாதக் கடைசியில் சர்க்கரை இறங்குவது ஏழைகளின் அஜாக்கிரதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த வருமானக்காரர்கள் சர்க்கரை இறங்கி அட்மிட் ஆவது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. வசதியானவர்களிடம் இந்த ஏற்றம் இல்லை. 2014-இல் வெளிவந்த ஆய்வு அது. அங்கேயே அப்படியென்றால் ஈஜிபுராவிலும் லிங்கராஜபுரத்திலும் இருக்காதா? நாங்கள் தேதி பார்த்துக் கணக்கு வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பெண்மணி தன் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிய மாத்திரை அட்டையை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு மாத்திரையும் கத்தியால் பாதியாக வெட்டப்பட்டு, காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இருபது தேதிக்கு மேல பாதி பாதியா போட்டுக்குவேன் மேடம், அரிசி வாங்கணுமில்ல" என்றார். மருந்தா, சாப்பாடா என்று வரும்போது மருந்துதான் தோற்கிறது. சிலர் சாப்பாட்டை விடுகிறார்கள், சிலர் மாத்திரையை விடுகிறார்கள். முதலாமவருக்குச் சர்க்கரை இறங்குகிறது, இரண்டாமவருக்கு ஏறுகிறது. இரண்டு பேர் சீட்டிலும் நாங்கள் எழுதுவது ஒன்றே: "கட்டுப்பாடு இல்லை." இந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

எடை விஷயத்துக்குத் திரும்புகிறேன். மலிவான கலோரி ஒரு காரணம். பத்து நாள் நிறைய, பத்து நாள் குறைய என்று போகும் தாளம் இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்குக்கூட "நாளைக்கு என்ன செய்வது" என்று ஓடும் மனசு கார்டிசால் என்ற சுரப்பைக் கூட்டும். அது பசியையும் கூட்டும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பையும் சேர்க்கும். தூக்கமில்லாமை தனியாக ஒரு பங்கு. இன்னொரு காரணம் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. புனேயில் சுகர் நோய் ஆராய்ச்சியாளர் டாக்டர் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்தபோது சராசரி எடை 2.7 கிலோதான் இருந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளின் எடையும். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. 'ஒல்லியான கொழுத்த குழந்தை' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தாய் வயிற்றில் சத்துக் குறைவாக வளர்ந்த உடம்பு பிற்காலத்தில் அரிசியும் எண்ணெயும் நிறையக் கிடைத்தால் சுகர் பக்கம் சுலபமாகச் சாய்கிறது. உங்கள் வீட்டு அக்கா 46 வருடத்துக்கு முன் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்திருப்பார். இன்றைக்கு அவருக்கு இருக்கும் சுகரில் அவருடைய அம்மாவின் பசிக்கும் பங்கு இருக்கலாம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சுகர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. பணக்கார வியாதி என்ற பழைய பேச்சை இனி விட்டுவிடலாம்.

ரத்தசோகையைப் பற்றிச் சுருக்கமாக. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம். முந்தைய ஆய்வைவிட இரண்டும் கூடியிருக்கின்றன. வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சாப்பாட்டின் இடத்தை டீ பிடித்துக்கொள்வது இதில் ஒரு சிறிய, ஆனால் திருத்தக்கூடிய காரணம். டீ பசியை அமுக்கும், சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து ஏறுவதையும் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். சோற்றில் அரை எலுமிச்சை பிழிந்தால் நேர்மாறான பலன், இரும்பு நன்றாக ஏறும்.

காசநோயைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உணவும் நோயும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஒரு புகழ்பெற்ற ஆய்வு, காசநோயாளிகளை சானடோரியத்தில், அதாவது அவர்களுக்கென்றே இருந்த தனி மருத்துவமனையில் வைத்து நல்ல சாப்பாடு கொடுத்துக் கவனிப்பதும், ஏழை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று காட்டியது. 1959-இல் அது வெளிவந்தபின் உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. நல்ல காரியம்தான், லட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைத்தது. ஆனால் கூடவே ஒரு தவறான எண்ணமும் ஊறிவிட்டது: மருந்து இருந்தால் போதும், சாப்பாடு பெரிய விஷயமில்லை என்று.

அந்த எண்ணத்தைத் திருத்த அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும், அதே சென்னை ஆய்வு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பை கொடுத்தார்கள். பாதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள்: ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இருமல் வழியாகப் பரவும் நுரையீரல் வகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நோயாளிகளிலோ, முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறியவர்களுக்குச் சாவின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உள்ளவருக்கு அது 2 கிலோ. இரண்டு கிலோ எடையில் ஓர் உயிர் நிற்கிறது.

அந்தப் பையை மறுபடி பாருங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் தருவதும் அதே 5 கிலோ தானியம்தான். ஒரு நாளைக்கு 167 கிராம், சுமார் 580 கலோரி. உழைக்கும் ஒரு பெண்ணுக்கு வேண்டியது 2,000-க்கு மேல். ஆய்வில் கொடுத்த பைக்கும் ரேஷனுக்கும் பெரிய வித்தியாசம் அந்த ஒன்றரைக் கிலோ பருப்பு. ரேஷனில் தானியம் இலவசம் என்று பெருமைப்படுகிறோம், பருப்பு இல்லாததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதில் நம் தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷனில் அரிசி இலவசம், 2011 முதல். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். பெங்களூருக்கு வந்ததும் கார்டு ஊரிலேயே மாமியாரிடமோ அண்ணனிடமோ இருக்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வந்தபின் தமிழ்நாட்டுக் கார்டை வைத்து இங்கேயும் கைரேகை வைத்து வாங்கலாம். ஆனால் மத்திய அரசின் தானியப் பங்கு மட்டும்தான் இங்கே வரும். பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தன் காசில் தருபவை, அவை ஓசூர் தாண்டி வராது. அந்தத் தானியமும் கார்டு முன்னுரிமை வகையாகவோ, மிக ஏழைகளுக்கான அந்தியோதயாவாகவோ இருந்தால்தான். முன்னுரிமையற்ற வகைக் கார்டு என்றால் ஊரில் அரிசி கிடைக்கும், இங்கே ஒன்றும் கிடைக்காது. உங்கள் வீட்டு அக்காவின் கார்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஊரில் இருப்பவர் தன் பங்கையும், இங்கே இருப்பவர் தன் பங்கையும் தனித்தனியாக வாங்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

கர்நாடக அரசின் மலிவு விலை உணவகமான இந்திரா கேன்டீன் நல்ல திட்டம். 2017 ஆகஸ்டில் தொடங்கியபோது காலை டிபன் 5 ரூபாய், மதியச் சாப்பாடு 10 ரூபாய். கட்டட வேலைக்கும் ஆட்டோவுக்கும் போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலை டிபன் நேரத்தில் இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கேட்ட பலரும் அங்கே ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை என்றார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

சம்பளத்தை 1-ஆம் தேதியே கொடுங்கள், முடிந்தால் இரண்டாகப் பிரித்து 1-ஆம் தேதி பாதி, 16-ஆம் தேதி பாதி கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது மாதக் கடைசியைக் காப்பாற்றும், சிலருக்கு வாடகைக்கு மொத்தமாக வேண்டியிருக்கும். அவர் முடிவு செய்யட்டும். வேலைக்கு வந்ததும் முதலில் டிபன், அப்புறம் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய மிச்சத்தைக் கொடுப்பதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அன்று செய்ததைத் தட்டில் வைத்து, உட்கார வைத்து. காலை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் மூன்று வீடு கூட்டித் துடைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய மருத்துவ உதவி இல்லை.

தினம் ஒரு முட்டை, சுமார் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். இரண்டும் ஊறவைக்க, அரைக்க நேரம் கேட்காதவை. கீரையை இந்த ஊர்த் தமிழர்கள் சொப்பு என்றே சொல்வார்கள். சாயங்காலம் கட்டுக்கு விலை இறங்கும்போது வாங்கினால் கட்டுப்படியாகும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரியான எனக்கு ராகிக் களி உயிர். எலும்புக்கு அதைப்போல இல்லை, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். ஆனால் ராகி சாப்பிட்டால் சுகர் ஏறவே ஏறாது என்று நம்பி இரண்டு பெரிய உருண்டை விழுங்குபவர்களைத் தினமும் பார்க்கிறேன். ராகியும் மாவுதான், ஏறும். ஒரு சிறிய உருண்டை, பக்கத்தில் கெட்டியான பருப்புச் சாறோ கீரை மசியலோ இருந்தால்தான் அது நல்ல சாப்பாடு.

பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை மடித்து வைத்திருக்கச் சொல்லுங்கள். நடுக்கம், வியர்வை வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அதன்பின் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மாத்திரையை அவராகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அதற்குப் பதில், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அவர் வெட்கப்பட்டுச் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள்: "மாசக் கடைசியில ஒரு வேளைதான் டாக்டர் சாப்பிடறாங்க." சாப்பாடு இல்லாத நாளில் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடாத மாத்திரைகள் இருக்கின்றன, தெரிந்தால் மாற்றித் தருவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் கேளுங்கள், ஆனால் அது ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. அதனால் இந்த மாதம் 5-ஆம் தேதி ஒருமுறை, 27-ஆம் தேதி ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இரண்டு எண்ணையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி, அந்த இரண்டு நாளும் முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்தில் எழுதி, அதை டாக்டர் மேசையில் வையுங்கள்.